காதல் படப் பைத்தியத்திடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் ஏறி ராணிப்பேட்டையில் இறங்கும் ஷூ கம்பெனி பஸ்ஸில் என் சீட்டைச் சுற்றி உட்காருகிற எல்லோருக்கும் நான் காதல் படப் பைத்தியம் என்பது தெரியும். முந்தின ராத்திரி எதையாவது பார்த்திருந்தால் காலையில் கண்ணே காட்டிக் கொடுத்துவிடும். உடனே கேள்விகள் ஆரம்பித்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் வேறு ஆட்கள், அதே கேள்விகள். வீட்டுக்கு வந்தால் சொந்தக்காரர்கள் பங்குக்கு. எழுதி வைத்துவிட்டால் இனிமேல் கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். படங்களின் முடிவெல்லாம் வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னாத்துக்குக்கா அழுவுற? எல்லாம் நடிப்புதானே?

நடிப்புதான். ஷூட்டிங் முடிந்ததும் திரிஷா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார் என்று எனக்கும் தெரியும். பிரிகிற காட்சியில் நான் பெரும்பாலும் அழுவதில்லை, கவனித்துப் பாருங்கள். ஒருத்தர் இன்னொருத்தரை இத்தனை நாளும் கவனித்து வைத்திருந்தார் என்பது வெளியே வரும் இடத்தில்தான் எனக்குத் தாங்காது.

96 படத்தையே (2018) எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட நாளிலிருந்தே ராம் கேட்டும் ஜானு 'யமுனை ஆற்றிலே' மட்டும் பாடவே மாட்டாள். 1991இல் வந்த தளபதி படப் பாட்டு. இத்தனை வருஷம் கழித்து, அவன் வீட்டில் கரண்ட் போன நேரத்தில், இருட்டில் அவள் அதைப் பாட ஆரம்பிக்கிறாள். அவன் தட்டுத்தடுமாறி விளக்கைத் தேடிக்கொண்டு ஓடி வருகிறான். இருவரும் தொட்டுக்கொள்ளக்கூட இல்லை. அப்போது எங்கள் வீட்டில் நிஜமாகவே கரண்ட் போயிருந்தாலும் நான் கவனித்திருக்க மாட்டேன்.

நீங்க எதைக் காதல் படம்னு சொல்றீங்க? ரெண்டு டூயட் இருந்தா போதுமா?

டூயட் இல்லாமலே இருக்கலாம். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: படத்தில் யாராவது யாருக்காகவாவது காத்திருக்கிறார்களா? அந்தக் காத்திருப்பை இயக்குநர் அவசரப்படாமல் காட்டுகிறாரா? பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணினோமே, குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல் என்று. தமிழ் சினிமா குறிஞ்சியையும் பாலையையும் எடுத்துத் தள்ளிவிட்டது. காத்திருப்பைச் சொல்லும் முல்லையைத்தான் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது.

இந்தப் பைத்தியம் எனக்கு ஊரிலிருந்தே வந்திருக்கலாம். வேலூர் காத்திருக்கிற ஊர். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைக்கு இன்றைக்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து, லாட்ஜ் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டு, வாரக்கணக்கில் ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகவே அந்தப் பக்கத்துத் தெருக்களில் வங்காளி எழுத்தில் போர்டு, மீன் குழம்புச் சாப்பாடு. மனைவியின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்கேன் அறை வாசலில் நிற்கும் மனிதர்களை அங்கே நிறையப் பார்க்கலாம். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு சுவிட்சர்லாந்தில் ஆடுகிற ஜோடி எப்படிக் காதலாகத் தெரியும்?

சமீபத்துல இன்னா இன்னா பாத்தீங்க?

புதுசும் பழசுமாகக் கலந்துதான். லவ்வர், லப்பர் பந்து, குட் நைட், கொரியப் பெண்ணைப் பற்றிய பாஸ்ட் லைவ்ஸ், மும்பை டிபன் கேரியரை வைத்து எடுத்த தி லன்ச்பாக்ஸ். நடுநடுவே பழைய பாசத்துக்கு மௌன ராகம், காதல் கோட்டை, விண்ணைத்தாண்டி வருவாயா. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான்.

பையன் காலேஜுக்குப் போறான். இன்னும் இன்னாடி காதல் படம் வேண்டிக் கெடக்கு உனக்கு?

சித்தி, காதல் என்றால் கல்யாணத்துக்கு முன்னாடி என்று யார் சொன்னது? லப்பர் பந்து (2024) கிரிக்கெட் படம் என்றுதான் என் வீட்டுக்காரர் டிக்கெட் எடுத்தார். இளம் ஜோடியாக ஹரிஷ் கல்யாணும் சஞ்சனாவும் இருக்கிறார்கள். ஆனால் தியேட்டரை விட்டு வெளியே வந்தபோது எல்லோர் வாயிலும் கெத்து, யசோதை பெயர்தான். கல்யாண வயசில் பெண்ணை வைத்துக்கொண்டு, கிரிக்கெட் ஆடப் போனதை மறைத்து மாட்டிக்கொண்டு பெண்டாட்டி முன்னால் திருதிருவென்று முழிக்கிற தினேஷ். கோபத்தை விடவும் மாட்டாமல் ஆளை விடவும் மாட்டாமல் தவிக்கிற சுவாசிகா. மேலே சொன்ன மருதம் இதுதான். இந்த ஊடலுக்குக் கிடைத்த கைதட்டலில் பாதிகூட அந்த இளசுகளின் காதலுக்குக் கிடைக்கவில்லை.

குட் நைட் (2023) இன்னும் சின்ன விஷயம். கணவனுக்குக் குறட்டை. அவ்வளவுதான் கதை. ஆனால் தன்னால் அவள் தூங்காமல் கிடக்கிறாளே என்று மணிகண்டன் படுகிற கூச்சத்தையும், ஒரு வார்த்தை சொல்லாமல் மீத்தா ரகுநாத் அதைப் பொறுத்துக்கொள்வதையும் பார்த்தால், நம் வீடுகளில் எத்தனை பேர் இப்படி வாய் திறக்காமல் இருக்கிறார்கள் என்று தோன்றும். படத்தின் பின்பாதி கொஞ்சம் இழுக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சேராம போனாத்தான் நல்ல காதல் படமா? சேர்ந்துட்டா உங்களுக்குப் புடிக்காதோ?

இந்தச் சண்டை எங்கள் பஸ்ஸில் தீராது, அதற்குக் காரணம் நாங்கள் இருக்கிற இடம். ஆந்திராவின் சித்தூர் இங்கிருந்து ஒரு மணி நேரம். தெலுங்கு பேசுகிற வீடுகள் தெருவுக்கு நாலு. விண்ணைத்தாண்டி வருவாயா 2010 பிப்ரவரி 26 அன்று வெளியானபோது அதே நாளில் தெலுங்கிலும் வந்தது, நாக சைதன்யா, சமந்தா நடித்து. கௌதம் மேனன் இரண்டுக்கும் வேறு வேறு முடிவு வைத்திருந்தார். தமிழில் ஜெஸ்ஸி கார்த்திக்கை விட்டுப் போய்விடுகிறாள். தெலுங்கில் சேர்ந்துவிடுகிறார்கள். அதனால் பின் சீட்டில் உட்காரும் என் தோழிக்கு ஜெஸ்ஸி அவன் மனைவி. எனக்கு அவள் போனவள். இரண்டு பேரும் ஒரே ஜெஸ்ஸியைப் பற்றித்தான் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான் தமிழ் முடிவின் பக்கம். சோகம் என்பதால் இல்லை. கார்த்திக் அவளுக்காகக் காத்திருந்த காலத்தை ஒரு படமாக எடுத்துவிடுகிறான், அந்தப் படத்துக்குள் அவர்கள் சேர்கிறார்கள், அதை அவளே உட்கார்ந்து பார்க்கிறாள். காத்திருப்பு வீணாகவில்லை. ஆனால் சேர்கிற படம் ஆகாது என்று நான் சொன்னதே இல்லை. 1996இல் வந்த காதல் கோட்டையில் கமலியும் சூர்யாவும் படம் முழுக்க ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமலே கடிதத்தில் காதலிக்கிறார்கள். கடைசியில் ரயில் கிளம்பும் நேரத்தில் அவள் அனுப்பிய ஸ்வெட்டர்தான் ஆளைக் காட்டுகிறது. அங்கே சேர்த்து வைக்காமல் விட்டிருந்தால் நான் அகத்தியனை மன்னித்திருக்க மாட்டேன். அவருக்கு அந்தப் படத்துக்காகச் சிறந்த இயக்குநர் தேசிய விருதும் கிடைத்தது.

அப்ப ஹீரோ அவ வீட்டு வாசல்லயே நின்னு துரத்தித் துரத்தி லவ் பண்றதும் காத்திருப்புதானேக்கா?

இல்லை. இதை மட்டும் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் சொல்வேன். காத்திருப்பவன், அவள் வராமலே போகலாம் என்பதையும் சேர்த்து ஒத்துக்கொண்டு காத்திருக்கிறான். துரத்துகிறவன் அதை ஒத்துக்கொள்வதே இல்லை. பஸ் ஸ்டாண்டிலும் டியூஷன் தெருவிலும் பின்னாலேயே வந்தவனைப் பயந்து வேறு ரூட்டில் போன பெண்கள் எங்கள் பஸ்ஸிலேயே இருக்கிறார்கள். திரையில் அதற்குப் பின்னணி இசை போட்டால் எங்களுக்குக் காதலாகத் தெரிந்துவிடாது.

லவ்வர் (2024) பிடித்ததற்கு இதுவே காரணம். குட் நைட்டில் அவ்வளவு கூச்சப்பட்ட அதே மணிகண்டன் இதில் சந்தேகப்படுகிறார், கத்துகிறார், மன்னிப்புக் கேட்கிறார், மறுபடி சந்தேகப்படுகிறார். ஆறு வருஷக் காதல் என்பதற்காகவே ஸ்ரீ கௌரி பிரியா எத்தனை தடவை திரும்பிப் போகிறார்! பஸ்ஸில் ஒரு பெண் பாதியிலேயே போனை அணைத்து வைத்துவிட்டாள். 'பாத்தது போதும்க்கா' என்றாள். நானும் மேலே கேட்கவில்லை.

படத்துல சாதி மதம் பாக்காம லவ் பண்ணிட்றாங்க. நம்ம பக்கம் நடக்குமா?

நல்ல படங்கள் அதை மறைப்பதில்லை. பாலாஜி சக்திவேலின் காதல் (2004) படத்தில் ஓடிப்போனவர்களைத் திருப்பிக் கூட்டிவந்து என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்தவர்கள் சிக்னலில் நிற்கும் பரத்தை மறக்கமாட்டார்கள். லப்பர் பந்துவிலும், ஹரிஷ் கல்யாண் நடித்த அன்புவை டீமில் சேர்க்காததற்குப் பின்னால் இருப்பது சாதிதான். சிரித்துக்கொண்டே பார்க்கிற படத்தில் அதை அப்படி வைத்தது பெரிய விஷயம்.

ஆனால் எந்தக் காதல் படமும் விலாவாரியாகக் காட்டாத ஒன்று இருக்கிறது: ரிஜிஸ்டர் ஆபீஸ். சினிமாவில் நாலு நண்பர்கள் கையெழுத்துப் போட்டதும் மாலை மாற்றிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். இரண்டு பேரும் இந்துக்களாக இருந்தால் பரவாயில்லை. தமிழ்நாட்டில் 1967 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ஐயர், அக்னி எதுவும் இல்லாமல் சுயமரியாதைக் கல்யாணமே செல்லும், சாதி வேறாக இருந்தாலும் செல்லும். மதம் வேறு என்றால், யாரும் மாறாமல் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் பண்ணப் பெரும்பாலும் 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தைத்தான் நாடுகிறார்கள். அதில் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதை ஆபீஸில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுவார்கள். 30 நாள் கழித்துத்தான் கல்யாணம். அதற்குள் சேதி வீட்டுக்குப் போய்விடும் என்று பயந்தே பல ஜோடிகள் பின்வாங்குகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள், கார்த்திக் இந்து, ஜெஸ்ஸி கிறிஸ்தவப் பெண். ஓடிப்போய் இந்தச் சட்டப்படி கல்யாணம் பண்ணியிருந்தாலும் அவர்களுக்கு இந்த 30 நாள் இருந்திருக்கும். தினமும் அந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டு, யார் கண்ணில் படுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் ஒரு லாட்ஜ் அறையில் கிடக்கிற அந்த ஒரு மாதத்தை யாராவது படமாக எடுக்கக் கூடாதா? பாட்டே வேண்டாம்.

சப்டைட்டில் படமெல்லாம் எப்படி அழுவ முடியும்? படிக்கவே நேரம் சரியா இருக்கும்!

நல்ல காதல் படத்தில் முக்கியமான இடத்தில் யாரும் பேசமாட்டார்கள், படிக்கவும் எதுவும் இருக்காது. லன்ச்பாக்ஸில் இர்ஃபான் கான், டிபன் கேரியரில் கடிதம் எழுதிப் பழகிய பெண்ணைப் பார்க்க ஹோட்டலுக்கு வந்து, தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, தன் வயசை நினைத்துப் பக்கத்தில் போகாமல் விடுகிறார். அவள் தண்ணீர் குடித்துக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதற்கு மொழி எதற்கு?

இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்கு. வாட்ஸ்அப்புல லாஸ்ட் சீன் பாத்தாலே ஆள் எங்கனு தெரிஞ்சிடுது. இதுல இன்னா காத்திருப்பு?

இதைக் கேட்டது என் பையன். நியாயமான கேள்வி. காதல் கோட்டைக் கதை இன்றைக்கு நடக்காது, முதல் கடிதத்திலேயே போட்டோ கேட்டிருப்பார்கள். லவ் டுடே (2022) அதற்கு நேர் எதிர். சத்யராஜ் காதலர்கள் இரண்டு பேரையும் ஒரு நாள் போனை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார், அத்தோடு எல்லாம் வெளியே கொட்டுகிறது. எல்லாம் தெரிந்த பிறகும் ஆள் புரியவில்லை என்பதுதான் அங்கே சிக்கல்.

ஆனால் பாஸ்ட் லைவ்ஸ் (2023) வேறொன்றைக் காட்டுகிறது. சியோலில் சின்ன வயசில் ஒன்றாகப் படித்த நோராவும் ஹே சங்கும் பன்னிரண்டு வருஷம் கழித்து இணையத்தில் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கிறார்கள். ஸ்கைப்பில் தினமும் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். கடைசியில் அவளே, கொஞ்ச நாள் பேசாமல் இருப்போம் என்கிறாள். அந்தக் கொஞ்ச நாள் இன்னொரு பன்னிரண்டு வருஷமாகிவிடுகிறது. முகம் தெரிந்தால் போதும் என்றிருந்தால் வளைகுடாவில் கணவர் இருக்கும் ஆம்பூர், வாணியம்பாடிப் பெண்கள் வீடியோ காலை வைத்த பிறகு அப்படியே உட்கார்ந்திருப்பார்களா?

நம்ம ஊர்ல காதல் படம் எடுத்தா எங்க எடுப்பாங்க? வெயில்ல ஹீரோயின் கருத்துடுவா!

வேலூரைப் பற்றிக் கிண்டலாக ஒரு பழைய பட்டியல் உண்டு. தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று அது போகும். அதில் சாமி 1981இலேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். பாலாறும் 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியது, அதைப் பார்க்க ஊரே கிளம்பிப் போனது. இல்லை இல்லை என்று சொல்லப்பட்ட எல்லாம் ஒருநாள் வந்து நிற்கிற ஊரை விட்டு வேறு எங்கே எடுப்பார்கள்? எனக்கு லொகேஷன் கேட்டால் காட்பாடி பிளாட்பாரம். பெங்களூர் வண்டியும் கேரளா வண்டியும் வந்து ஓரிரு நிமிஷம் நிற்கும், அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். வெயிலுக்கு இரவுக் காட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

இப்படிப் பாத்துப் பாத்து வீட்டுக்காரர்கிட்ட எதிர்பார்ப்பு ஏறிடாதா?

ஏறும். அவர் கவிதை எழுதப் போவதில்லை. ஓவர்டைம் நாளில் நான் இறங்கும் ஸ்டாப்பில் ஸ்கூட்டரோடு நிற்பார். ஏன் வந்தீர்கள் என்றால், 'இந்தப் பக்கம் வேலை இருந்துச்சு' என்பார். அந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. இரண்டாவது பதிலில் சொன்ன அளவுகோலை வைத்துப் பார்த்தால் அவர் தேறிவிடுவார்.

96ல ஜானுவோட புருஷன் பாவம் இல்லியா? அவன் பக்கம் நீ ஒரு நாளாவது பேசியிருக்கியா?

கேட்டவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. பட்டியலிலேயே கஷ்டமான கேள்வி இதுதான். 96இல் ஜானுவின் கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார், நம் கண்ணில் படுவதே இல்லை. அந்த ஒரு ராத்திரி முழுக்க நாம் ராம் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருப்பதற்கு அது வசதியாக இருக்கிறது. அவர் முகத்தை ஒரே ஒரு தடவை காட்டியிருந்தால் படம் ஆட்டம் கண்டிருக்கும்.

மௌன ராகத்தில் (1986) மணிரத்னம் அந்த வசதியை எடுத்துக்கொள்ளவில்லை. பழைய காதலனாக நடிகர் கார்த்திக்கை அவ்வளவு அழகாகக் காட்டிய பிறகும் கதை கணவனான மோகனிடம் திரும்பி வந்துவிடுகிறது. பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டதற்கு விவாகரத்து கேட்ட மனைவியோடு, ஒரு வருஷம் ஆக வேண்டும் என்று வக்கீல் சொன்னதால், அதே வீட்டில் அவர் இருக்கிறார். சின்ன வயசில் நான் கார்த்திக் வருகிற பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். இப்போது மோகன் தனியாகச் சாப்பிடுகிற வீட்டைப் பார்க்கிறேன்.

பாஸ்ட் லைவ்ஸில் கணவன் ஆர்தர் கண் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறான். நோராவும் ஹே சங்கும் அவனுக்குச் சரியாகப் புரியாத கொரிய மொழியில் பேசிக்கொண்டிருக்க, பக்கத்து நாற்காலியில் சும்மா இருக்கிறான். அவள் தூக்கத்தில் கொரிய மொழியில் பேசுகிறாள், தனக்குப் போக முடியாத ஒரு இடம் அவளுக்குள் இருக்கிறது என்று அவன் சொல்கிறான். அதற்காகவே அந்த மொழியைக் கற்றுக்கொள்ள முயல்கிறான். கடைசியில் அவள் ஹே சங்கை வண்டி ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது ஆர்தர் வீட்டு வாசலில் இருக்கிறான். ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் அழுகிறாள், பிடித்துக்கொள்கிறான். நம்மூர் ஆளாக இருந்தால் 'யார் அவன்' என்று மூன்று தலைமுறைக்கு இழுத்திருப்பார்.

அதனால் என் அளவுகோல்படி பார்த்தால் அந்தப் படத்தில் அதிகம் காத்திருப்பவன் கணவன்தான் என்று ஒத்துக்கொள்கிறேன். ஜானுவின் கணவரைப் பற்றி எதுவும் சொல்ல வழியில்லை, ஆளையே காட்டவில்லையே. அவள் ஊருக்குப் போயிருந்த அந்த இரண்டு நாளை அவர் பக்கமிருந்து, சிங்கப்பூர் வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, யாராவது எடுத்தால் முதல் காட்சிக்கு இரண்டு டிக்கெட் என் செலவு. பாப்கார்னை மட்டும் கேள்வி கேட்டவர் வாங்கட்டும்.